முக்கால் அங்குலக் கால்

1

இந்தக் கதை ஒரு கோபத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் என் அக்காவுடையது. கேட்காமல் எடுத்து எழுதுகிறேன். அதனால் இப்போது அவளுக்குக் கோபம் இரண்டாகிவிட்டது.

அவள் என்னோடு பேசி ஐந்து மாதமாகிறது. முதல் பிரதியை எழுதி முடித்ததும் அவள் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, அழைப்பு மணியைத் தொடாமல் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அது தபாலில் வந்தது. தனியாகக் கடிதம் இல்லை. பக்கமெங்கும் பென்சிலால் எழுதியிருந்தாள். அவள் எழுதியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. (தைரியமும் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த மாலையில், ஜன்னலோரம் அந்தப் பழைய தையல் மெஷின் ஒரு முதிய பறவையைப் போல"

இங்கேயே நிறுத்திவிட்டேன். பழைய தையல் மெஷினைப் பற்றி மனதை வருடுகிற மாதிரி ஒரு கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். அந்தப் பறவை அவருக்காக வந்து உட்கார்ந்தது. [பறவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷின். எண்ணெய் போட்டா ஓடும்.]

இரண்டாம் தொடக்கம்: "அவளுக்கு அந்த மெஷின் பெற்ற பிள்ளை மாதிரி." [பெத்ததே ரெண்டு இருக்கு. அதுங்க போதும்.]

ஆக, வருடுகிற வேலை இதில் நடக்காது. பழைய மெஷின் என்றாலே கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராகிற வாசகர்கள் எனக்கும் உண்டு. அவர்களுக்காக இத்தனை வருடம் எழுதிப் பேர் வாங்கியதும் நான்தான். அந்த எரிச்சலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தொடக்கம், நடந்தபடியே: ஊசி உடைந்து அக்காவின் முகத்தில் தெறித்தது.

3

தன் வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு வருடமாக அக்கா தைக்கிறாள். மெஷின் அவள் வாங்கும்போதே பழையது. ஊசி இறங்குகிற இடத்தில் துணியை அமுக்கிப் பிடிக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். கடைகளில் அதை பிரஷர் ஃபுட் என்பார்கள். அக்காவுக்கு அது 'கால்'. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கால். ஜிப் வைக்க ஒன்று, பைப்பிங் கொடுக்க ஒன்று, சுருக்கு வைக்கப் பூச்சி மாதிரி ஒரு பெரிய சாமான். [ரஃப்ளர். பேர் தெரியலன்னா கேக்கணும்.] எல்லாவற்றையும்விட முக்கியமானது மடிப்புக் கால். அதன் நுனியில் ஒரு சுருள் இருக்கும். துணியின் ஓரத்தை அது உள்ளே வாங்கித் தானே சுருட்டி, நூலளவு மடிப்பாக வெளியே தள்ளும். மெல்லிய துணிக்கு ஓரம் அடிக்க அக்காவைத் தேடி ஆட்கள் வந்ததே அந்தக் காலை நம்பித்தான். [என் கையை நம்பி.]

அவள் கையை நம்பித்தான்.

மெஷினை சர்வீஸுக்கு எடுத்துப் போனவர் மாமா, அதாவது அவள் புருஷன். கால்கள் இருந்த தகர டப்பாவையும் கூடவே கொடுத்துவிட்டு வந்தார். ஏன் கொடுத்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. மெஷின் நன்றாக ஓடுகிற நிலையில் திரும்பி வந்தது. டப்பாவுக்குள் கால்கள் பளபளவென்று இருந்தன. ஒன்றுகூட அவளுடையது இல்லை.

புதியவை உயரம் குறைந்தவை. ஊசி இறங்குகிற தகட்டிலிருந்து, காலை முடுக்குகிற திருகாணி வரை உள்ளதுதான் உயரக் கணக்கு. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் அரை அங்குலம், பெரிய மெஷின்களில் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ. அக்காவின் மெஷின் இரண்டிலும் சேராத முக்கால். சர்வீஸ்காரர் நடுவில் ஓர் இணைப்புத் துண்டைக் கொடுத்துச் சரிக்கட்டியிருந்தார். அந்தத் துண்டு துளியூண்டு கோணலாக நின்றது. ஒரு நடனப் பள்ளிக்கு இருபத்தெட்டு வட்டப் பாவாடைகள் தைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். முதல் பாவாடையின் ஓரத்தில் பாதி வருவதற்குள் ஊசி துளையில் இறங்காமல் இரும்பில் இடித்து இரண்டாக உடைந்தது. அதிர்ஷ்டவசமாகக் கண்ணில் படவில்லை. [அதிர்ஷ்டம்னு எழுதாதே. கண்ணுக்குக் கீழ பட்டுச்சுன்னு எழுது.]

கண்ணுக்குக் கீழே பட்டது. ரத்தம் வந்தது.

பழசை எடுத்துக்கொண்டு புதுசு கொடுத்திருக்கிறான், இதற்குப் போய் என்று மாமா ஆரம்பித்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை; நானும் முடிக்கவில்லை. சர்வீஸ்காரரோ பழையதெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது, தூக்கிப் போட்டாயிற்று என்று கையை விரித்தார்.

4

அதன்பிறகு அவள் தேடினாள். ஒரு தடித்த அட்டையில் முக்கால் அங்குலத்துக்குக் கோடு போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, தையல் சாமான் விற்கிற ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடையில் மெஷின் கம்பெனி பேர் கேட்டார்கள். மெஷினில் பொன்னெழுத்து எப்போதோ தேய்ந்து போயிருந்தது. இன்னொரு கடையில் அட்டையைப் பார்க்காமலே, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்களேன் என்றார்கள். இணையத்தில் படம் பார்த்து மூன்று முறை வாங்கினாள், மூன்றும் தப்பு. கடைசியாக வந்தது ஒரு பெரிய பெட்டி. அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"முப்பத்திரண்டு கால் இருக்கு. நிக்கத்தான் ஒண்ணுக்கும் தெரியல."

இதற்கிடையில் பாவாடை ஓரங்களை விரலால் சுருட்டிக் கையால் தைத்தாள். விரல் நுனி வெடித்து, துணியில் கறை படக்கூடாதே என்று பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு தைத்தாள். பதினொன்று முடித்திருந்தபோது பள்ளிக்காரர்கள் மிச்சத் துணியை வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் முதல் பிரதியில், "அவள் எல்லாவற்றையும் அமைதியாகத் தாங்கிக்கொண்டாள்" என்று எழுதியிருந்தேன். [யாரு?] பச்சைப் பொய். முப்பத்திரண்டு கால்களையும் பெட்டியோடு தூக்கிச் சுவரில் அடித்தாள். மாமாவை அவள் கேட்ட கேள்விகளில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அக்காவின் குரல் அப்படிப்பட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்தக் குரல் எனக்கு வெட்கம். அவள் எனக்காகச் சண்டை போட்ட நாட்களிலும் வெட்கமாகத்தான் இருந்தது. அவளை எழுதும்போதெல்லாம் நான் முதலில் செய்கிற காரியம் சத்தத்தைக் குறைப்பது.

5

பிறகு அந்தக் கடை. பழைய மெஷின்களையும் உதிரிகளையும் வாங்கி விற்பவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலை நானும் அவளுடன் போனேன். வாசல்வரை மெஷின்கள். மேசைமேல் ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையக் கால்கள், நூற்றுக்கணக்கில், கலந்து கிடந்தன. சர்வீஸ் கடைகளிலிருந்து எடைக்கு வாங்குவதாகக் கடைக்காரர் சொன்னார்.

அக்கா டின்னை மேசையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக அட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். அரைமணி நேரம் இருக்கும். திடீரென்று அவள் கை நின்றது. ஒரு காலை எடுத்து, சுருளுக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுத் தடவினாள்.

"இது என்னோட கால்."

கடைக்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கம்மா. அடையாளம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பல வருடம் முன்பு அந்தக் கால் கீழே விழுந்து சுருள் நசுங்கிவிட்டது. அவளே அரத்தால் ராவி நிமிர்த்தினாள். உள்ளே ஒரு பிசிறு தங்கிவிட்டது. அதற்குப் பின் அவள் அடித்த ஓரம் எதுவானாலும், தையலுக்குப் பக்கத்தில் ஓர் இழை லேசாக இழுபட்டு மயிரிழைக் கோடு ஒன்று கூடவே ஓடும். வேறு யார் தைத்த துணியிலும் அது இருக்காது. இதையெல்லாம் அவருக்குச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இவ போட்டிருக்கிற துப்பட்டா நான் ஓரம் அடிச்சது. பாருங்க." என்னிடம் திரும்பினாள். "காட்டுடி."

துப்பட்டா என் தோளில்தான் இருந்தது. கோடும் அதில் இருந்தது, எனக்குத் தெரியும். மூன்று அடி தூரத்தில் கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"விடுக்கா," என்றேன். கடைக்காரரைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளா அவங்களுக்கு மனசு சரியில்ல," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிதறிக் கிடந்த கால்களையெல்லாம் டின்னுக்குள் அள்ளிப் போட்டாள். கடைசியாகத் தன்னுடையதையும் அவற்றின்மேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். வெளியே போய்விட்டாள்.

[இங்க நான் அழுதேன்னு எழுதியிருந்தே. அடிச்சிட்டேன். நான் அழல.]

6

இந்த இடத்தை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தேன் தெரியுமா?

ஒன்றில் துப்பட்டாவைக் காட்டுகிறேன். கடைக்காரர் தலைகுனிந்து காலைக் கொடுத்துவிடுகிறார். [நீ காட்டல.] இன்னொன்றில் காட்டியும் அவர் மறுக்கிறார், நாங்கள் இருவரும் சேர்ந்து தெரு அதிரச் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறோம். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. கால் போனாலும் அக்கா இருந்திருப்பாள். இதற்குப் பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. ஒரு சின்னப் பென்சில் புள்ளி மட்டும் இருக்கிறது. அதை அர்த்தம் பண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நடந்தது வேறு. திங்கட்கிழமை தனியாகப் போனேன். கால் டின்னில் மேலாகவே கிடந்தது. பேரம் பேசாமல் வாங்கி, காகிதத்தில் சுற்றி, நேராக அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். பிரித்துப் பார்த்தாள். மறுபடி நகத்தை விட்டுத் தடவினாள்.

"குடுத்தானா, வாங்கினியா?"

"வாங்கினேன்க்கா."

"அப்ப அது அவனோடதுதான்னு நீயே ஒத்துக்கிட்டு வந்திருக்கே."

என் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு கதவையும்.

7

மாமா போனில் சொல்லித்தான் மிச்சம் தெரியும். அக்கா தன் அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனாள். கோணலில்லாத இணைப்புத் துண்டு ஒன்றைக் கடைந்து தரச் சொன்னாள். முதல் துண்டு சரியில்லை, இரண்டாவதும் சரியில்லை. பட்டறைக்காரரிடமும் சத்தம் போட்டாள். மூன்றாவது நேராக நின்றது. இப்போது கடையில் கிடைக்கிற சாதாரண அரை அங்குலக் கால் எதுவும் அவள் மெஷினுக்குப் பொருந்தும். நான் வாங்கி வந்தது என் மேசையில் கிடக்கிறது. அது யாருக்கும் தேவையில்லை.

கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் இப்படி எழுதி அனுப்பியிருக்கிறாள்:

[கதையைப் போடணும்னா போடு. கடைசியில நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதாதே. என்னைப் பத்தி நீயா ஒண்ணு சொன்னது அந்தக் கடையோட போதும்.]

பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, முடிவில் சகோதரிகள் சேர்வதாக நாலு வரி இருந்தால் போதும் என்கிறார். எழுதமாட்டேன். உங்களுக்கும் அந்த நாலு வரி வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்னறைக் கதவு பகலில் திறந்துதான் இருக்கும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், கையிலிருக்கிற ஓரம் முடியும்வரை வாசலில் நில்லுங்கள்; நடுவில் பேசினால் அவளுக்குப் பிடிக்காது.

போன வாரம் நான் நின்றேன். ஒன்றை முடித்தாள், நூலை வெட்டினாள், அடுத்த துணியை எடுத்தாள்.