என்ஜின் தள்ளும் சத்தம்

1

இந்தக் கதை ஃபிரெடி மூலம் கிடைத்தது. ஊரப்பாக்கத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். விடுமுறை என்றால் தாம்பரம் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அங்கே துருப்பிடித்து நின்ற நீராவி என்ஜினை நண்பர்களோடு சேர்ந்து சுரண்டிக்கொண்டிருப்பார். வளாகத்துக்குள்ளேயே வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி ஆயுளைக் கழித்த ஷண்டிங் என்ஜின் அது. நான் எழுதிய முதல் வரி:

அந்தக் கருப்பு ராட்சசன் மீண்டும் கண்விழித்த

(அடித்துவிட்டேன். நேரில் பார்த்தால் ஒரு லாரி அளவுதான் இருக்கும்.)

2

பாய்லரைச் சரிசெய்தவர் கோவிலம்பாக்கத்து வெல்டர் சௌகத் அலி. அவர் முதன்முறையாக நீராவி ஏற்றிய காலையில் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அப்போதுதான் சரோஜினி வந்தார்.

அவருடைய கணவர் தயாளன் அங்கே வேகன்களுக்குக் கொக்கி மாட்டும் வேலை பார்த்தவர். ஒருநாள் இரண்டு வேகன்களுக்கு நடுவே அவர் நின்றிருக்க, வரிசையின் மறுகோடியிலிருந்து இதே என்ஜின் தள்ளியது. நசுங்கிப் போனார். சத்தம் கேட்டும் விலகவில்லை, அவருடைய கவனக்குறைவு என்று நிர்வாகம் முடித்துவிட்டது.

என் இரண்டாவது வரைவில் சரோஜினி மண்ணை வாரி என்ஜின்மேல் தூற்றுகிறார். (நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லையே.) என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். "சூடா கீது," என்றார். பிறகு ஃபிரெடியிடம் கேட்டார்.

"தம்பி, இது தள்ளிகினு வர்றது அந்தாண்ட நிக்கிறவங்களுக்குக் கேக்குமா?"

"தெரியலையேம்மா."

"அப்ப தள்ளிக் காட்டு. நான் அங்க போய் நிக்கிறேன்."

"ஐயோ, ரிஸ்க்கும்மா!"

"நடுவுலயா நிக்கப்போறேன்? ஓரமாத்தான். ஊரே அவரத்தான தப்பு சொல்லுச்சு."

சௌகத் அலி என்ஜின் மேலிருந்து குனிந்தார். "ஃபிரெடி சார், நான் மெதுவா தள்றேன். நீங்க அம்மா கையப் புடிச்சிக்கோங்க."

3

என்ஜினோடு கோத்திருந்த பழைய வேகன்களின் மறுகோடியில், கடைசி வேகனுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்றோம். சரோஜினி முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். ஜிஎஸ்டி ரோட்டின் இரைச்சல். எங்கோ ஒரு ஹாரன். ஃபிரெடி அவர் கையைப் பிடித்திருந்தார்.

வேகன் எங்களைத் தாண்டி நகர்ந்து, நின்றது.

"இன்னும் தள்ளலியா?" என்றார் சரோஜினி.

அவர் கண்ணைத் திறந்து திரும்பினார். வேகன் இப்போது நின்றிருந்த இடத்தைப் பார்த்தார்.

(இங்கே அவரை அழவைத்து ஒரு முடிவு எழுதினேன். ஃபிரெடி அந்த என்ஜினுக்குத் தயாளன் பெயர் வைப்பதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். நடந்தது இதுதான்.)

"எம்மவன் பள்ளிக்கரணைல கீறான். அவங்கப்பன் கவனமில்லாமதான் செத்தாருன்னு அவனும் நம்பிகினு கீறான். போன் போடு தம்பி. அவன் வந்து நிக்கட்டும்."

ஃபிரெடி அவர் சொன்ன எண்ணை அழுத்தி போனை அவரிடம் கொடுத்தார். நீராவி இறங்கிவிடாமல் சௌகத் அலி கரியை அள்ளி அள்ளிப் போட்டார்.

மகன் வந்தாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, போன் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. எடுங்கள்.