வலது மூலைக் கடைசி

போன் ஆப்பின் திரையில், அடிப்பட்டையில் ஐந்து பொத்தான்களுக்குத்தான் இடம். அதற்கு ஆபீஸில் நடக்கிற அடிதடியை ஜன்னல் சீட்டுக்குக்கூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்கே மருத்துவ உதவி அனுப்பும் கம்பெனி அது. கடைசி இடத்தில் இருந்த 'அவசரம்' பொத்தானை அநேகமாக யாரும் தொடுவதே இல்லை என்று கணக்கு சொன்னது.

"தொடாததுக்கு எதுக்கு நல்ல இடம்? மேல மூணு கோடு மெனுவுக்குள்ள தள்ளுங்க. இந்த இடத்துல சலுகைகளைப் போடலாம்," என்றார் மேனேஜர்.

திரைகளை வடிவமைக்கும் அவள் சரியென்று தலையை ஆட்டினாள். பொத்தானைத் தானே இடம் மாற்றி வைத்தாள். மதியமே புது அப்டேட் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது.

சாயங்காலம் லிஃப்டுக்காக நிற்கும்போதுதான் அக்காவின் நினைவு வந்தது. அக்காவுக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டும்போது எழுத்தெல்லாம் கண்ணில் நிற்காது. "வலது மூலைல கடைசி. கண்ணை மூடிக்கிட்டு அமுக்கு" என்று பழக்கிவிட்டவளே இவள்தான்.

போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. குளிச்சிட்டு இருப்பா, தூங்கியிருப்பா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினாள். ஆபீஸுக்கு அடுத்த தெருதான் அக்கா வீடு. தன்னிடம் இருந்த மாற்றுச்சாவியால் கதவைத் திறந்தாள்.

அக்கா சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில் காலி இன்ஹேலர். கட்டைவிரல் மட்டும் போனின் மூலையை அமுக்கிக்கொண்டே இருந்தது. திரையில், முழு உடல் பரிசோதனைக்குப் பாதி விலை.

"குடுக்கா" என்று போனைப் பிடுங்கினாள். அவளுடைய விரலும் நேராக அதே மூலைக்குத்தான் போனது. பாதி விலை. மறுபடி அமுக்கினாள். பாதி விலை. எங்க வச்சேன், எங்க வச்சேன் என்று மனசு அலறியது. தன் கையால் மாற்றிய பொத்தான், பயத்தில் ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் மேலே அந்த மூன்று கோடுகள் கண்ணில் பட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகப் போனில் ஒரு குரல் சொன்னது. அவள் அக்காவை நிமிர்த்தி, முதுகைத் தாங்கிக்கொண்டாள். அக்காவின் மூச்சு விசிலடித்தது. கோபமே இல்லை அக்காவுக்கு. தான்தான் தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்துவிட்டாள் போலிருந்தது.

"நீ சொன்ன... இடத்துலதான்டி... அமுக்கினேன்."