நான்காவது ஸ்க்ரூ

"நாலாவது ஸ்க்ரூ எங்கே, ஹரி?" என்று கம்ப்யூட்டர் பெட்டியை மூடிக்கொண்டே கலைமகள் கேட்டாள். முந்தின வாரம் நான் தொலைத்தது அது; மறுபடியும் தரையில் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்று வாங்கி வருவதாகச் சொன்னேன். "போன வாரமும் இதான் சொன்னே லா" என்று சிரித்தபடி பையை மாட்டிக்கொண்டு போனாள். அன்று மாலை அவள் ஏறிய பஸ்மீது ஜாசின் சாலையில் ஒரு லோரி மோதியதில் அவள் இறந்துபோனாள். 1998, மார்ச்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாசின் கோயில் மண்டபத்துப் பின்னறையில், ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழு பேருக்கு வகுப்பு நடத்தினோம். வைரஸ் புகுந்த டிஸ்கைக் கண்டுபிடிப்பது, பாஸ்வேர்டைக் காப்பது, பெட்டியைத் திறந்து பாகங்களைக் கழற்றி மாட்டுவது என்று எல்லாமே கையால் செய்துதான் பழகவேண்டும் என்பாள். கம்ப்யூட்டர் அவளுடையது. அவளுடைய முதல் பாடம், சொந்தக்காரரைக் கேட்காமல் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது என்பது.

அதைத் திறக்கும் பாஸ்வேர்டை எனக்கும் அவள் சொன்னதில்லை. ஒருமுறை கோபித்துக்கொண்டேன். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிறவளே அதை மீறினால் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்றாள்.

இரண்டு வருடமாக அவள் தமிழில் தட்டிய பாடங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. நகல் இல்லாமலில்லை. ஆனால் போன ஆயுத பூஜைக்கு நகல் டிஸ்குகளையும் சாமி படத்தின்முன் அடுக்கி, ஆளுக்கு ஆள் பக்தியோடு சந்தனம் பூசிவிட்டோம். டிஸ்கின் தகட்டு மூடியைத் தள்ளி உள்ளேயும் பூசியவன் நான். அதன்பின் ஒரு டிஸ்கைக்கூடக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை. கலைமகள் திட்டவில்லை, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி நகல் எடுக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நாள் போனது.

இனிப் பெட்டி திறந்தால்தான் வகுப்பு உண்டு. அந்தப் பாடங்களை மறுபடி எழுதும் பொறுமை என்னிடம் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் தோட்டத்துக்குப் போய் அவள் அம்மா பெத்தம்மாளிடம் அனுமதி கேட்டேன். "அவ சாமானையெல்லாம் கட்டித் தூரப் போடச் சொல்றாங்க சொந்தக்காரங்க, தம்பி. நீ ஒருத்தன்தான் கேட்டு வந்திருக்கே. திறந்துக்கோய்யா. பிள்ளைங்களுக்குன்னுதானே எழுதினா" என்றார்.

அடுத்த ஞாயிறு ஏழு பேரும் வந்திருந்தார்கள். உள்ளேயிருக்கும் காசளவு பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வெளியே வைத்தால், அந்த மாதிரிப் பெட்டி தேதியோடு பாஸ்வேர்டையும் மறந்துவிடும். இதைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் படிக்கும் ஜெயமணி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"விடுங்கண்ணே. நீங்க தொட்டா இருக்கற மூணும் காணாமப் போயிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து அந்த அறையில் யாரும் சிரித்திருக்கவில்லை.

கலைமகள் சொல்லிக்கொடுத்தபடியே, ஜெயமணி முதலில் மின்கம்பியைப் பிடுங்கினாள். உடம்பில் உள்ள மின்னேற்றம் இறங்க இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டாள். நகத்தால் பேட்டரியை நெம்பி எடுத்தாள். கால் மணி நேரம் காத்திருந்து திரும்பப் போட்டாள். பெட்டி இன்றைய தேதி என்னவென்று எங்களைக் கேட்டது. பாஸ்வேர்டைக் கேட்கவில்லை.

பாடங்கள் நாற்பத்தொன்றும் இருந்தன. அன்றே இரண்டு நகல் எடுத்தோம். ஒன்றைப் பெத்தம்மாள் வீட்டில் வைத்தோம், மற்றொன்று என்னிடம். அந்த வருட ஆயுத பூஜையில் டிஸ்க் வைத்த டப்பாவின் மூடிக்கு மட்டும் சந்தனம் வைத்தோம்.

இப்போது பெரிய அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைக் காப்பது என் தொழில். ஜெயமணிக்கும் அதே தொழில்தான். எந்தப் பெட்டியையும் நாங்கள் கேட்காமல் தொடுவதில்லை. கலைமகள் கொடுத்த கைப்பழக்கம் இது.

அந்தப் பழைய பெட்டி என் வீட்டில் இருக்கிறது. பின்பக்கம் மூன்று ஸ்க்ரூதான்.