சராசரி நாலு

கேட்டால் சிரிப்பீர்கள். மேலாளர்களுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் துணிச்சல் எவ்வளவு என்று அளக்க, அந்த அட்டைப்பெட்டி ஆலைக்கு ஓர் ஆய்வாளரை வரவழைத்தார்கள். இருபது வாக்கியங்கள் கொண்ட தாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண்ணை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாக்கியமே, ‘அனுமதிக்குக் காத்திராமல் புதியதைச் செய்துபார்ப்பேன்.’ அதற்கு என்ன போடலாம் என்று எட்டு மேலாளர்கள் ஜெனரல் மேனேஜரிடம் போய் அனுமதி கேட்டார்கள்!

“அஞ்சு போட்டா திமிருன்னு நினைப்பாங்க. எல்லாத்துக்கும் நாலு போட்டுடுங்க,” என்றார் அவர்.

“பென்சில்லயா, பேனாலயா சார்?” என்றார் ஸ்டோர்ஸ் மேலாளர். ஜெனரல் மேனேஜருக்கு மச்சான் முறை. ஆலையில் அவருக்கு ஆமாஞ்சாமி என்றுதான் பெயர்.

ஒன்பதாவது ஆளான பராமரிப்பு மேலாளர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸ் அவளுக்கு. இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் புதுக் கிளைக்குத் தலைவரைப் போடப்போகிறார்கள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். ஏன் கூடாது? பசை காயாமல் பெட்டிகள் ஒட்டிக்கொண்டு வேலையே நின்றபோது, மூலையில் கிடந்த பழைய காற்றாடியை யாரையும் கேட்காமல் மாட்டி இயந்திரத்தை ஓட வைத்தவள் அவள்தானே! அதற்கு ஜெனரல் மேனேஜரிடமிருந்து கிடைத்தது ஒரு கண்டிப்பு மெமோ.

“தாள் என்னைத் தாண்டி யார் கைக்கும் போகாது. மார்க் மட்டும்தான் குடுப்பேன்,” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார் ஆய்வாளர். நம்பினாள். முதல் வாக்கியத்துக்கு ஐந்து போட்டு, அதன் பக்கத்திலேயே காற்றாடிக் கதையோடு, யாருக்கும் தெரியாமல் செய்த இன்னும் மூன்று வேலைகளையும் உதாரணமாக எழுதினாள்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். சராசரி நாலு, மிகச் சிறப்பு. புதுக் கிளைக்குத் தலைவர் ஆமாஞ்சாமி. அவளுக்கு மதிப்பெண்ணே இல்லை.

வாசலில் காரில் ஏறப்போன ஆய்வாளரை மடக்கினாள்.

“எனக்கு ஏன் சார் மார்க் இல்ல?”

“உங்க தாள் மத்த எட்டோட ஒத்துப்போகல மேடம். அப்படித் தனியா நிக்கறதைக் கணக்குல சேர்க்க மாட்டோம்.”

“எட்டுப் பேரும் ஒரே ரூம்ல கேட்டு எழுதினது சார் அது! யாருக்குக் காது குத்தறீங்க?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “பாத்ததுமே தெரிஞ்சுது. அதைச் சொன்னா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்க.”

த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது அவளுக்கு. “சரி, என் தாளைக் குடுங்க. நான் போறேன்.”

“அது… ஜெனரல் மேனேஜர் கேட்டு வாங்கிட்டார்.”

“யார் கைக்கும் போகாதுன்னீங்களே!”

“அவரே கேட்கும்போது எப்படி மேடம் மாட்டேன்னு சொல்றது?”

கேட்காமல் செய்த நான்கு வேலைகள், அவள் கையெழுத்தில், கீழே அவள் பெயரோடு. ஒன்றுக்கே மெமோ கொடுத்த மனுஷன் நாலுக்கு என்ன கொடுப்பான்?

“அட பாவி! என் பத்தொன்பது வருஷத்தையும் தூக்கி அந்த ஆள் கையில குடுத்துட்டியே!” என்று கத்தினாள்.

அவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.