விசாரிப்பு மேஜை

முத்தப்பன் செட்டியாரின் தூக்கம் மணிக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆஸ்பத்திரி அறையின் ஒரு நாள் வாடகையை, தூங்கிய மூன்று மணி நேரத்தால் வகுத்து அவரே போட்ட விலை. அந்தக் காசுக்குக் கானாடுகாத்தானில் ஓட்டலாக்கிய பெரிய வீட்டில் படுத்திருக்கலாம். காலையில் பணியாரமாவது கொடுப்பார்கள்.

காரைக்குடியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தது குடலிறக்க ஆபரேஷனுக்கு. வந்த இடத்தில் பிரஷர் ஏறிக்கொண்டது. "நல்லாத் தூங்குங்க ஐயா. காலையிலயும் இறங்கலைன்னா ஆபரேஷனைத் தள்ளி வச்சிருவேன்" என்று டாக்டர் அகல்யா கறாராகச் சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு இரண்டே மாதம். தள்ளிப்போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டேதான் சம்பந்தியை வரவேற்க வேண்டும்.

தூங்கத்தான் அவரும் பார்த்தார். கண் சொருகுகிற நேரம் பார்த்துப் பங்காளி கார்த்திகேய சிவம் ஆப்பிள் பையோடு நுழைந்தார்.

"என்னண்ணே, ஒரு சுத்து இளைச்சுட்டீக! நம்ம சிங்கம்புணரி மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே! அது லாரி மோதி. ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணுனாக."

பிரஷர் இன்னும் இரண்டு படி ஏறியது. பங்காளி கிளம்பியதும் செட்டியார் மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை தோளைத் தட்டியது நர்ஸ் சித்ரா.

"ஐயா, இது நோயாளி கவனிப்பு மேம்பாட்டு வாரம். ஒரே ஒரு கேள்வி. நிம்மதியாத் தூங்குனீகளா?"

"இப்பத்தான் தாயி ஆரம்பிச்சேன்."

"சுமார்னு போட்டுக்கவா?"

"போட்டுக்க. வாரம் முடியிறதுக்குள்ள என்னைய மேம்படுத்தி மேலயே அனுப்பிருவீக."

சித்ராவுக்கு முகம் விழுந்துபோயிற்று. "நாலு மணிக்கு மேலதான் வரணும்னு வாசல்ல போர்டு வச்சிருக்கு. யாரை மறிச்சாலும் பங்காளிங்கிறாக. வாட்ச்மேன் என்ன செய்வாரு?"

செட்டியார் யோசித்தார். அவரே எத்தனை பேரை இப்படி எழுப்பியிருக்கிறார்! நோயாளியைப் பார்க்கவா போனார்? 'முத்தப்பன் வரலையே' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று போனார். எல்லோருக்கும் வேண்டியது, வந்ததற்கு ஒரு ரசீது.

மனைவியைக் கூப்பிட்டார். "தேனம்மை, கீழ வாசல்ல மேஜை போட்டு உக்காரு. கல்யாணத்துல மொய் எழுதுவோம்ல, அது மாதிரி வந்தவுக பேரை எழுது. கொண்டாந்ததையும் எழுது."

"படுக்கையில கெடக்குற மனுசனுக்கு மொய்யா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கீழயே நின்னு சிரிக்கட்டும்."

சித்ரா டாக்டரிடம் கேட்டு மேஜையும் காபியும் ஏற்பாடு செய்தாள். தேனம்மை ஆச்சி நோட்டோடு உட்கார்ந்தார். முதலில் வந்தவர் குன்றக்குடிக் கண்ணம்மை ஆச்சி.

"மாடிக்குப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்."

"டாக்டர் விடலை ஆச்சி. ஒங்க பேரை எழுதியாச்சு."

கண்ணம்மை ஆச்சி குனிந்து சரிபார்த்தார். "ஆரஞ்சு ஒரு டஜன்னு போட்டீகளா?"

"போட்டாச்சு."

"என் நாத்தனா பேரு இருக்கா?"

"இல்லையே."

"இல்லையா!" ஆச்சியின் முகம் பூவாக மலர்ந்தது. காபியைக் குடித்துவிட்டு, படியேறாமலே ஆட்டோ பிடித்தார்.

மேலே செட்டியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் டாக்டர் அகல்யா இரண்டு தடவை அளந்து பார்த்தார். "நூத்தி முப்பது! கூட ஏதும் மாத்திரை போட்டீங்களா?"

"மேஜைதான் போட்டோம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று தேனம்மை ஆச்சி நோட்டைக் கூட்டிப் பார்த்து மலைத்துப்போனார். "ஐம்பத்தாறு பேரு வந்துருக்காக. அம்புட்டையும் நாம திருப்பிச் செய்யணுமே! எல்லாரும் சீக்கு நோவில்லாமக் கல்லு மாதிரி இருக்காக, எங்க போய் விசாரிக்கிறது?"

செட்டியார் பெயர்களின்மேல் விரலை ஓட்டினார். அடுத்த அறையில் காலில் கட்டோடு கிடந்த மருது, சக்கர நாற்காலியில் கீழே போய்த் தன் பெயரைக் கொடுத்திருந்தார். செட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்கு நடந்தார். மருது ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தார். செட்டியார் தோளைத் தட்டி எழுப்பினார்.

"நல்லாத் தூங்குனீகளா?"

திரும்பி வந்து நோட்டை வாங்கி அவரே எழுதினார்: வரவு ஐம்பத்தாறு. திருப்பியது ஒன்று. பாக்கி ஐம்பத்தைந்து.