பக்கத்து வீட்டுக் குழந்தை

1

இந்தக் கதை ஒரு திருத்தத்திலிருந்து பிறந்தது. கன்னடப் படங்களில் காமெடி எழுதி நடித்து ஓய்ந்த சின்னப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதித்தர என்னைப் பிடித்திருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒக்கலிபுரத்தில் அவர் பிறந்த சந்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி சார். அந்தக் கொழந்த மட்டும் பக்கத்து வீட்டுக் கொழந்தன்னு மாத்திடுங்க."

மாற்றிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை இறந்துபோன அன்று சின்னப்பா

இதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை என்றால் சின்னப்பாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் என்ன வேலை? வரலாற்றை விட்டுவிட்டேன். பெயர்களை மாற்றிக் கதையாக எழுதுகிறேன். (மாற்றிய பெயர்தான் சின்னப்பா.)

2

குழந்தை சின்னப்பாவுடையதுதான். பெண். பெயர் வைப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அவர் அப்போது ஆர்கெஸ்ட்ராக்களில் மிமிக்ரி செய்துகொண்டிருந்தார். மனைவி யசோதா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். அவளுக்குத் தெரிந்த கன்னடமெல்லாம் அந்த ஓட்டலில் காதில் விழுந்ததுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை அடங்கிவிட்டது. யசோதா துணிமூட்டையாக அதை டாக்டரிடம் நீட்டிச் சொன்னாள்:

"மகு ஜில்லுன்னு ஆகோய்து சார். ஸ்வல்ப பிசி மாடி கொடி."

குழந்தை ஜில்லென்று ஆகிவிட்டது, கொஞ்சம் சூடு பண்ணிக் கொடுங்கள். ஆறிப்போன சாம்பாரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் சொல்லும் வார்த்தை. கன்னடம் நன்றாகத் தெரிந்த சின்னப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் அதைத் திருத்தவில்லை.

[இந்த இடத்தில் மழை பெய்வதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.]

3

வருஷங்கள் போயின. சின்னப்பா மற்றவர்களுக்குக் காமெடிக் காட்சிகள் எழுதிக் கொடுத்தார். டைட்டிலில் பெயர் வராது. பிறகு வேஷமும் கிடைத்தது. எப்போதும் கன்னடத்தைக் கொலை செய்யும் தமிழன் வேஷம்: வாட்ச்மேன், இஸ்திரிக்காரன், குடிகாரன். தன் ஜனத்தைக் கேலி செய்யும் வசனத்தை அவரே எழுதி, அவரே பேசி, கடைசியில் அவரே உதையும் வாங்கினார்.

ஒரு படப்பிடிப்பில் இயக்குநர் மஞ்சுநாத் கையை விரித்தார். "இன்டர்வல் முந்தெ நகு பர்த்தா இல்ல, சின்னப்பா." இடைவேளைக்கு முன்னால் சிரிப்பு வரவில்லை, ஏதாவது செய்.

சின்னப்பா கேரவன் நிழலில் உட்கார்ந்து மனசைத் துழாவினார். அகப்பட்டது இது. (வேறு எதுவுமே அகப்படவில்லையா என்று கேட்டேன். "அகப்பட்டுது சார். ஆனா இதுக்குத்தான் சிரிப்பு வரும்னு தெரிஞ்சுது" என்றார். இந்தப் பதிலுக்காக அவரை வெறுக்க முயன்றேன். நானும் எழுதிப் பிழைப்பவன்; முழுசாக முடியவில்லை.)

காட்சி: குடிகாரன் ஒருவன் துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடுகிறான். அதே வசனம். டாக்டர் பதறிப்போய் மூட்டையைப் பிரிக்கிறார். உள்ளே பிரியாணி.*

முதல் நாள் தியேட்டரில் யசோதா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விசில் பறந்தது. முன்வரிசை ஆள் சிரிப்புத் தாங்காமல் சீட்டைக் குத்தினான். வீடு திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்:

"அது நான் சொன்னதுதானேய்யா?"

"யாருக்குத் தெரியும் யசோ?"

"எனக்குத் தெரியுமே."

* "வசனம்: சின்னப்பா" என்று டைட்டிலில் முதன்முதலாகப் பெயர் வந்தது இந்தப் படத்தில்தான்.

4

அந்த வசனம் அவரைத் தூக்கிவிட்டது. ரிங்டோன், பனியன், ஆட்டோ முதுகு, எங்கும் அதுதான். கல்யாண வீடுகளில் மைக்கைக் கையில் திணித்து அதையே கேட்டார்கள். ராமமூர்த்தி நகரில் வீடு எழும்பியது. அந்த வீட்டில் யசோதா சமைத்தாள், துவைத்தாள், தேவைக்கு மட்டும் பேசினாள்.

போன வருஷம் ஒரு டிவி சேனல் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. தொகுப்பாளினி வீணா, சொல்லாமல் கொள்ளாமல் யசோதாவை மேடைக்கு இழுத்துவந்து, அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னாள்.

என் முதல் வரைவில், யசோதா சொன்னதும் அரங்கம் உறைந்துபோகும். யாரோ ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். [பொய். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட ஆறுதல்.]

நடந்தது வேறு. யசோதா இரண்டு கைகளையும் நீட்டி, அன்று டாக்டரிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள். குரல் உடைந்தது. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "சார், நிம்கிந்த மேடமே சூப்பர்!" என்றாள் வீணா. உங்களைவிட மேடம்தான் பிரமாதம்.

சின்னப்பா மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. ஆனால் வாய், படத்தில் வரும் அடுத்த வரியைச் சொல்லிவிட்டது:

"லெக் பீஸ் மாத்ர பிசி இதெ சார்!"

லெக் பீஸ் மட்டும் சூடாக இருக்கிறதாம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"டைமிங் சார்," என்றார் என்னிடம். "கேப் விட்டா செத்துடும். வாய் தானாப் போயிடுச்சு."

5

விழாவுக்கு மறுநாள் யசோதா ஆனேக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சின்னப்பாவுக்குக் கதையில் ஒரு முடிவு வேண்டும். "அவ மன்னிச்சுட்டான்னு போடுங்க சார். புஸ்தகத்துல வந்துட்டா அவளும் மனசு மாறுவா." எழுத நான் தயார்தான். அவளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

யசோதா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சின்னப்பாவின் கதையை எழுதுகிறவன் என்று சொன்னேன். நிமிராமல் கேட்டாள்:

"கொழந்தய எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"படிக்கிறவங்க சிரிப்பாங்களா?"

"ஐயோ, இல்லம்மா. அழுவாங்க."

"சிரிச்சாலும் அழுதாலும் கைத்தட்டு உங்களுக்குத்தானே சார்?"

சேலையைப் பிழிந்து உதறினாள். நான் விலகி நின்றேன். மன்னிப்பைப் பற்றிக் கேட்காமலே திரும்ப பஸ் ஏறினேன்.

ஆகவே அது இந்தக் கதையில் இல்லை. சின்னப்பா தினமும் போன் செய்து "எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்கிறார். உங்களில் யாருக்காவது அதை எழுத மனசு வருமென்றால் சொல்லுங்கள், அவர் நம்பரைத் தருகிறேன்.