உள்கோடு

நல்ல மரத்தைக் கண்டால் அண்ணனுக்குத் தலைகால் புரியாது. தட்டிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், கொஞ்சாத குறையாகத் தடவிக்கொடுப்பான். பெற்ற பிள்ளைகளிடம்கூட இவ்வளவு பாசம் காட்டியதில்லை என்று அண்ணி அலுத்துக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை.

பட்டறையில் கோடு போடுவது, அறுப்பது, செதுக்குவது எல்லாமே அவன்தான். தங்கையின் பங்குக்கு இழைப்புளியும் மரத்தூள் அள்ளும் கூடையும். சின்னவள் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் சின்னவள்தான். கோடு போட அவளுக்கும் தெரியும், ஆசையும் உண்டு. கேட்டால் அண்ணன் சிரிப்பான், அவ்வளவுதான்.

அப்போதுதான் பால்பண்ணை அம்மா வந்தாள். மாடுகளுக்கும் வைக்கோலுக்கும் பெரிய கொட்டகை வேண்டும். பழைய இரும்புக் கொட்டகையை மாட்டு மூத்திரம் அரித்துத் தின்றுவிட்டதாம். இந்த முறை இரும்பு வேண்டாம், ஆணிகூட வேண்டாம், முழுக்க மரச்சட்டம். அதாவது உத்தரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, தூணில் போட்ட துளைக்குள் செருகி, குறுக்கே மர முளை அடித்து இறுக்குகிற வேலை.

வந்து இறங்கிய மரங்களோ ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று வளைசல், ஒன்று முறுக்கல், ஒன்று அடியில் பருத்து நுனியில் சிறுத்தது. இப்படிப்பட்ட மரத்தை ஒன்றின்மேல் ஒன்று கிடத்தி, இதன் கோணலை அதில் வரைந்து அறுப்பது அண்ணனின் வழக்கம். அதற்கு முழுச் சட்டத்தையும் தரையில் பரப்ப வேண்டும். பட்டறையில் ஒரு தூணைத் திருப்பினாலே எதிர்க்கடைக்காரர் குனிய வேண்டியிருந்தது.

"பரப்பவே வேண்டாம்ணா," என்றாள் சின்னவள். "ஒவ்வொரு மரத்துக்குள்ளயும் நேரான மரம் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோ. எட்டங்குலச் சதுரம். வெளிய எப்படி வளைஞ்சிருந்தா நமக்கென்ன? மரமும் மரமும் சேர்ற இடத்துல மட்டும் அந்த உள்கோடு வரைக்கும் செதுக்கிட்டா போதும். எந்தத் தூணுக்கும் எந்த உத்தரமும் சேரும்."

"இல்லாத மரத்துக்குக் கோடு போடுவியா?"

"போடுவேன்."

"சேரலன்னா?"

"சேரலன்னா இனிமே பென்சிலைத் தொடமாட்டேன். போதுமா?"

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஆனாலும் வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்குப் பயம் கிட்டே வராது. மரத்துக்கு மரம் நல்ல முகமாக ஒன்றைத் தேர்ந்து அடையாளம் போட்டாள். அளவெல்லாம் அந்த முகத்திலிருந்துதான். மூலைமட்டத்தை வைத்து உள்கோட்டை இழுத்து, நாக்குக்கும் துளைக்கும் முளை அடிக்கும் இடத்துக்கும் குறித்துக் கொடுத்தாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தான். வாய் எப்படியோ, கை தங்கம். ரம்பம் அவள் கோட்டைவிட்டு மயிரிழை விலகவில்லை.

சட்டம் நிறுத்தும் நாள் பண்ணையில் கிரேன் வந்து நின்றது. இரண்டு தூணையும் ஓர் உத்தரத்தையும் தரையில் கிடத்திப் பூட்டி, அப்படியே தூக்கி, தூண்களின் காலைக் கல் அடித்தளத்தில் இருந்த குழிகளுக்குள் இறக்க வேண்டும். முதல் சட்டம் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது சட்டம் வம்பு பண்ணியது. இடது கால் குழிக்குள் இறங்கியது. வலது கால் ஒரு விரல்கடை வெளியே தள்ளி, கல்லின்மேல் இடித்துக்கொண்டு நின்றது.

"மேஸ்திரி, எனக்கு அடுத்த வேலை காத்துக்கிட்டிருக்கு," என்று கிரேன்காரர் மேலேயிருந்து கத்தினார். பண்ணை அம்மா சின்னவளைத்தான் பார்த்தாள்.

அண்ணன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "விடு, பரவாயில்ல. தூண் காலை ஓரமாச் சீவி உள்ள தள்ளிடறேன். யாருக்கும் தெரியாது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பரிவுதான் சுருக்கென்று தைத்தது.

"இறக்குங்க கீழ," என்றாள்.

டேப்பை எடுத்து உத்தரத்தை அளந்தாள். சரியாக இருந்தது. உத்தரமும் வலது தூணும் சேர்ந்த இடத்தைப் பார்த்தாள். காகிதம்கூட நுழையாத இறுக்கம். பிறகு முளையைப் பார்த்தாள். முளை அடித்திருந்த துளை அவள் குறித்ததே இல்லை. அவள் குறித்தது கொஞ்சம் மேலே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இது யார் போட்ட துளை?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "காலையில பூட்டும்போது தூண்லயும் நாக்குலயும் நீ குறிச்ச முளைத் துளை ரெண்டும் நேருக்கு நேர் வரல. நீதான் தப்பாக் குறிச்சிட்டேன்னு நினைச்சேன். இத்தனை பேர் முன்னாடி உன்னை எதுக்குக் காட்டிக்கொடுக்கணும்? நானே வேற போட்டுட்டேன்."

அழுவதா அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தூணின் பக்கவாட்டைத் துடைத்தாள். அவள் இழுத்த உள்கோடு பென்சில்கூட அழியாமல் இருந்தது. நாக்கு நுழையும் துளையைத் தவிர, உத்தரம் வந்து உட்காரும் இடத்தில் உளி படவே இல்லை.

"இங்க ஏண்ணா செதுக்கல?"

"எவ்வளவு லட்சணமான மரம் பாரு. ஒரு கோணல் இல்ல, ஒரு கணு இல்ல. துளை போட்டதே போதும், மேல போய்க் குழி பறிக்க மனசு வரல."

"அதான் தடிமன் அப்படியே நிக்குது! உத்தரம் உள்கோட்டுல உட்காரணும், வெளிய உட்கார்ந்து தூணை ஒரு விரல்கடை தள்ளிடுச்சு. நீ மரத்தைக் கொஞ்சினதுக்கு மாடு மழையில நிக்கணுமா?"

கிரேன்காரர் சிரித்துவிட்டார். பண்ணை அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தூணையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு மெல்ல விளங்கியது.

முளையைத் தட்டி எடுத்து, தூணைப் பிரித்து, உளியையும் கொட்டாப்புளியையும் கையில் எடுத்தான். சொந்தத் தொடையில் வெட்டுகிறவன்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டே, கோட்டின் நடுவில் உளியை நிறுத்தி, ஓங்கி அடித்தான். சில்லுகள் பறந்தன. உள்கோடு வரை ஒரு துளி மிச்சம் வைக்காமல் செதுக்கினான்.

மறுபடி பூட்டினார்கள். சின்னவள் குனிந்து, தான் குறித்த துளையில் கண்ணை வைத்தாள். அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. முளையை வைத்து அவளே அடித்தாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

கிரேன் தூக்கியது. சட்டம் எழுந்தது, ஆடியது, நின்றது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் குழிக்குள் இறங்கிய சத்தம் அடிவயிறுவரை கேட்டது. அதன்பின் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. நான்காவது, ஐந்தாவது, நீளத்துக்கும் மேலே ஓடும் உத்தரங்கள், எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. அந்திக்குள் வானத்தை மறைத்துக்கொண்டு கொட்டகையின் சட்டம் முழுசாக நின்றது.

பண்ணை அம்மா தூணுக்குத் தூண் போய்த் தொட்டுப் பார்த்தாள். "ஒரு இடத்துலகூட இடைவெளி இல்லையே மேஸ்திரி! உங்க கை யாருக்கு வரும்?"

"அறுத்ததுதாம்மா நான்," என்றான் அண்ணன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னான். "கோடு முழுக்க என் தங்கச்சி. அவ சரியாத்தான் போட்டா, நான்தான் கெடுத்தேன். இனிமே எங்க பட்டறையில கோடு அவளுது. நடுவுல நான் புத்திசாலித்தனம் பண்ணினா, நீங்களே வந்து காதைத் திருகுங்க."

சின்னவள் அப்போது மேல் உத்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். மகிழ்ச்சி தாங்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, தெருக்கோடிவரை கேட்க ஒரு கூச்சல் போட்டாள். அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகள் அத்தனையும் மிரண்டு எழுந்து நின்றன.